தெரிந்த விலையும் தெரியாத விலையும்

சந்தைக்குப் பொருள் கொண்டு செல்லும் வணிகன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் தானியம் விற்பவனாயினும் துணி விற்பவனாயினும் மீன் விற்பவனாயினும் அவனது நிலை ஒன்றே. பொருளை வாங்கும்போது கொடுத்த விலை அவனுக்கு நன்கு தெரியும். அது கையைவிட்டுப் போன காசு, இனி மாறாது. ஆனால் அப்பொருள் என்ன விலைக்குப் போகும் என்பதும், போகுமா போகாதா என்பதும் அவனுக்குத் தெரியா. தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பதே அவன் தொழில். அவ்விரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள வெளியிலேதான் அவனுடைய இலாபமும் இருக்கிறது. அவனுடைய அழிவும் இருக்கிறது.

இது எவருக்கும் விளங்கக்கூடிய எளிய உண்மையாகத் தோன்றலாம். ஆயினும் இதனைப் பொருளாதார வாழ்வு முழுவதற்கும் அடிப்படையாகக் கொண்டு முதன்முதலில் விரித்தெழுதியவர் பல்கலைக்கழகப் பேராசிரியருமல்லர், அரசவை அமைச்சருமல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாரிசு மாநகரில் வங்கித்தொழில் நடத்திய ஓர் அயர்லாந்துக்காரரே அவர். றிச்சட் கன்ரிலன் என்பது அவர் பெயர். வாழ்நாளில் அவர் எழுதியதாக அறியப்படுவது ஒரே ஒரு நூல். ‘பொதுவாக வணிகத்தின் இயல்பு பற்றிய கட்டுரை’ என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். ஏறக்குறைய 1730ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்ற அந்நூல், ஆசிரியர் மறைந்து இருபத்தொரு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1755இல் பிரெஞ்சு மொழியில் அச்சேறியது. முயற்சியாளர் என்று இன்று பொருளியலார் வழங்கும் சொல்லுக்கு மூலமான பிரெஞ்சுச் சொல், அதற்கு முன்னர் அரசாங்கக் கட்டட வேலைகளையும் அவை போன்ற பணிகளையும் ஒப்பந்தத்தில் எடுத்து முடிப்பவரையே பெரும்பாலும் குறித்தது. அச்சொல்லுக்கு இன்றைய பொருளைக் கொடுத்தவர் கன்ரிலன்.

அவர் அந்தப் பொருளை ஏட்டிலிருந்து கற்றவரல்லர். ஐரோப்பா கண்ட மிகப் பெரிய பணச் சூறாவளி ஒன்றின் நடுவே நின்று, பெருஞ்செல்வத்தோடு வெளியேறியவர். ஆகவே நூலை விளங்கிக்கொள்வதற்கு முன்னர் அந்தச் சூறாவளியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

கன்ரிலன் 1680களில் அயர்லாந்தின் கெரிப் பகுதியிலே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தார். ஸ்பானிய அரசுரிமைப் போரின் இறுதி ஆண்டுகளில், ஸ்பெயினிலிருந்த பிரித்தானியப் படைகளுக்குச் சம்பளம் வழங்கும் அலுவலிற் கணக்கெழுதினார். ஒரு நாட்டுக் காசை இன்னொரு நாட்டுக் காசாக மாற்றும்போது எவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை அங்கேயே அவர் கண்டிருத்தல் வேண்டும். பின்னர் பாரிசுக்கு வந்து உறவினர் ஒருவரின் வங்கித்தொழிலைத் தம் கைக்குக் கொண்டுவந்தார்.

அப்போது பிரான்சு தேசம் கடனில் மூழ்கிக் கிடந்தது. 1715இல் இறந்த பதினான்காம் லூயி மன்னர், பல்லாண்டுப் போர்களின் பயனாக ஏறக்குறைய 200 கோடி லீவர் கடனை விட்டுச் சென்றிருந்தார். லீவர் என்பது அக்காலத்துப் பிரெஞ்சுக் கணக்குப் பணம். அடுத்த மன்னர் ஐந்து வயதுக் குழந்தை. அவருக்குப் பதிலாக ஒர்லியன்ஸ் கோமகன் ஆட்சியை நடத்தினார். அவர் முன் வந்து நின்றார் ஜோன் லோ என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். இந்த லோவின் கதை ஒரு நாடகத்துக்குப் போதுமானது. இலண்டனில் 1694இல் வாட்போரிலே ஒருவரைக் கொன்று, மரணதண்டனை விதிக்கப்பெற்றுச் சிறையிலிருந்து தப்பியோடியவர், கணிதத்தில் வல்லவர், சூதாட்டத்திலும் அவ்வாறே. அவர் கோமகனுக்குக் கூறிய மருந்து இது: நாட்டின் வறுமைக்குக் காரணம் பணப் பற்றாக்குறை, வெள்ளியும் பொன்னும் போதாவிடிற் கடுதாசியிற் பணம் செய்தல் வேண்டும்.

1716இல் லோ ஒரு வங்கியைத் திறந்தார். 1717இல் வட அமெரிக்காவின் லூயிசியானாப் பகுதியோடு வணிகம் செய்யும் தனியுரிமை பெற்ற கும்பனியை நிறுவினார். மிசிசிப்பி ஆறு பாய்ந்த நாடாகையால் மக்கள் அதனை மிசிசிப்பிக் கும்பனி என்றனர். 1718 முடிவில் வங்கி அரச வங்கியாயிற்று. 1719இல் பிரான்சின் கிழக்கிந்தியக் கும்பனியும் அதனோடு இணைக்கப்பட்டது. இவ்விதமாகத் தமிழ்நாட்டுக் கரையிலிருந்த புதுச்சேரியின் வணிகமும் பாரிசில் விற்கப்பட்ட அந்தப் பங்குப் பத்திரங்களுக்குள் அடங்கிவிட்டது. புகையிலை விற்கும் உரிமை, நாணயம் அச்சிடும் உரிமை, வரி திரட்டும் உரிமை ஆகியனவும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கும்பனியிடம் சேர்ந்தன. அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் தங்கள் கடன் சீட்டுக்களைக் கொடுத்துக் கும்பனிப் பங்குகளை வாங்கிக்கொள்ளலாம். வாங்கப் பணமில்லாதவர்க்கு வங்கி நாணயத்தாள் அச்சிட்டுக் கடன் கொடுத்தது. பங்குகளை அடகு வைத்து மேலும் பங்கு வாங்கலாம். முகப்பு விலை 500 லீவராயிருந்த பங்கு, 1719ஆம் ஆண்டின் இறுதியில் ஏறக்குறைய 10,000 லீவருக்கு விற்றது. பங்கு வணிகம் நடந்த கன்கம்புவா என்னும் ஒடுங்கிய வீதியிலே பிரபுவும் பணியாளனும் தோளோடு தோள் உராய்ந்து நின்றனர். ‘மில்லியனர்’ என்னும் சொல் அந்த நாட்களிலேதான் மக்கள் வாயிற் புழங்கத் தொடங்கியது.

கன்ரிலன் இந்தத் திட்டத்தை வெளியே நின்று பார்த்தவரல்லர். 1718இல் லோவோடும் வேறொருவரோடும் கூட்டுச் சேர்ந்து, லூயிசியானாவில் ஒரு குடியேற்றத்தை அமைக்க முதலிட்டார். அவருடைய சகோதரரே குடியேறுவோருக்குத் தலைவராய்ப் புறப்பட்டார். பங்குகளையும் தொடக்கத்திலேயே வாங்கியிருந்தார். ஆனால் 1719ஆம் ஆண்டுக் கோடையில், விலை இன்னும் ஏறிக்கொண்டிருந்தபோதே, தம் பங்குகளை விற்றுப் பணமாக்கிக்கொண்டு இத்தாலிக்குப் போய்விட்டார். அதன் பின்னரும் விலை வெகுவாக ஏறியது. அவசரப்பட்டுவிட்டார் என்று அப்போது நகைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அடுத்த ஆண்டு கணக்குத் தீர்க்கும் ஆண்டாயிற்று. 1720 சனவரியில் லோ பிரான்சின் நிதிப் பொறுப்பு முழுவதையும் ஏற்றார். பெப்ரவரியில் எவரும் 500 லீவருக்கு மேற்பட்ட உலோக நாணயம் வைத்திருக்கலாகாது என்று கட்டளை பிறந்தது. மக்கள் தாளை விட்டு வெள்ளியை நாடத் தொடங்கிவிட்டனர் என்பதற்கு அந்தக் கட்டளையே சாட்சி. மே மாதம் 21ஆம் நாள், நாணயத்தாள்களின் பெறுமதியையும் பங்குகளின் விலையையும் படிப்படியாகக் குறைப்பதென்று அரசு அறிவித்தது. கொந்தளிப்பைக் கண்டு சில நாட்களில் அதனை மீளப் பெற்றது. ஆனால் உடைந்த நம்பிக்கை ஒட்டவில்லை. சூலை மாதத்தில் வங்கியின் வாயிலிலே தாளை மாற்றவந்த கூட்டத்தில் நசுங்கிப் பலர் மாண்டனர். டிசம்பரில் லோ நாட்டைவிட்டு வெளியேறினார். 1729இல் வெனிஸ் நகரில் இறந்தார். கன்ரிலன் அந்த ஆண்டு முழுவதும் பிரெஞ்சுப் பணம் வீழ்ச்சியடையும் என்று கணித்துத் தம் செல்வத்தை ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். திட்டம் சரிந்தபோது அவர் ஐரோப்பாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராயிருந்தார்.

பத்து ஆண்டுகளின் பின்னர் அவர் எழுதிய நூலில் லோவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. குற்றச்சாட்டுமில்லை, தற்புகழ்ச்சியுமில்லை. ஆனால் ஒவ்வோர் அதிகாரத்திலும் அந்த 1720ஆம் ஆண்டு மறைந்து நிற்கிறது.

கன்ரிலன் ஒரு தனிப் பண்ணையிலிருந்து தொடங்குகிறார். உலகிலே வேறு நிலமே இல்லாதது போல ஒரு பெரும் பண்ணை; அதற்கு ஒரே ஒரு சொந்தக்காரர். அவர் கட்டளையிடுகிறார், மேற்பார்வையாளர்கள் செய்விக்கிறார்கள், உழைப்பவர்கள் உழைக்கிறார்கள். அவருக்கு எவ்வளவு கோதுமை, எவ்வளவு கம்பளி, எத்தனை குதிரை வேண்டும் என்பதைப் பொறுத்தே நிலம் பயன்படுகிறது. குதிரைகளை மிகுதியாக விரும்பினால், புல்லுக்கு நிலம் கூடி மக்களுக்கு உணவு குறையும். இதுவரை சந்தையும் இல்லை, விலையும் இல்லை. பின்னர் அவர் ஒரேயொரு மாற்றத்தைச் செய்கிறார். மேற்பார்வையாளர்களைச் சுதந்திரமாக விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பில் விளைவித்துச் செய்து விற்கட்டும் என்கிறார். கட்டளை போய் விலை வந்தது. மேற்பார்வையாளன் போய் முயற்சியாளன் வந்தான். ஆயினும் பண்ணை முன்போலவே நடக்கிறது. சொந்தக்காரர் எதை அதிகம் வாங்குகிறாரோ அதன் விலை ஏறுகிறது. முயற்சியாளர்கள் அதை நோக்கித் திரும்புகிறார்கள். எவரும் ஆணையிடாமலே ஒரு சமுதாயம் எப்படி உணவுண்டு உடையணிகிறது என்ற கேள்விக்கு, அடம் சிமித்தின் நூல் வெளிவருவதற்கு நாற்பதாண்டுகளுக்கு மேல் முற்படவே எழுதப்பட்ட விடை இது.

இங்கே மனிதரை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். நிலமுடையோரும் மன்னனும் ஒருபுறமிருக்க, ஏனையோருள் ஒரு பகுதியினர் நிச்சயமான கூலி பெறுபவர். மற்றப் பகுதியினர் நிச்சயமற்ற வருவாயில் வாழ்பவர். படைத்தளபதிக்குச் சம்பளம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அவர் முதல் வகை. குத்தகைக்கு நிலமெடுத்த கமக்காரர் இரண்டாம் வகை. நிலக்காரருக்குக் கொடுக்கவேண்டிய தொகை நிச்சயம். மழையும் விளைச்சலும் விலையும் நிச்சயமல்ல. தொப்பி செய்பவர், கசாப்புக் கடைக்காரர், தெருவிலே தண்ணீர் சுமந்து விற்பவர், மருத்துவர், வழக்கறிஞர் எல்லோரும் இதே வகையினர். பிச்சைக்காரரும் திருடருங்கூட முயற்சியாளரே என்று எழுதுகிறார். இதை நகைச்சுவை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் பட்டமும் பெருமையும் நீக்கிப் பார்த்தால், நாளைய வருவாய் தெரியாதவர் எவரோ அவரே முயற்சியாளர் என்ற வரையறைக்கு அவர்களும் விலக்கல்லர்.

விலை உருவாகும் விதத்தை அவர் விளக்கும் இடம், சந்தையில் நின்று பார்த்தவர் எழுத்து என்பதைக் காட்டுகிறது. பருவத்தின் தொடக்கத்திலே பச்சைப் பட்டாணி அருமையாக வருகிறது. நான்கு பெரிய வீடுகளின் பணியாளர்கள் அதை வாங்க வருகிறார்கள். ஒருவனுக்கு 10 அளவை பட்டாணிக்கு 60 லீவர்வரை கொடுக்கலாம் என்று கட்டளை. மற்றவர்களுக்கு முறையே 50, 40, 30 லீவர். ஆனால் சந்தையில் இருப்பதோ 20 அளவை மட்டுமே. முதல் இருவருக்கும் கிடைக்கிறது. மற்ற இருவரும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். சந்தையில் 400 அளவை வந்திருந்தாலோ, நால்வரும் தங்களுக்குச் சொல்லப்பட்ட விலையிலும் மிகக் குறைவாகவே வாங்கியிருப்பார்கள். பட்டாணியை விளைவிக்கச் செலவான நிலமும் உழைப்பும் இரு நிலையிலும் ஒன்றே. செலவு வேறு, சந்தை விலை வேறு. விற்பவன் இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டவன்.

அதே பாரிசுச் சந்தையிலிருந்து அவர் எடுத்துக் காட்டும் மற்றோர் உண்மை நெஞ்சைத் தைப்பது. சில்லறையாக விற்கும் ஏழைப் பெண்கள் 3 லீவர் கடன் வாங்கி, வாரத்துக்கு 5 சூ வட்டி கொடுத்தார்கள். ஒரு லீவருக்கு 20 சூ. கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 430 வீதத்துக்கும் மேற்பட்ட வட்டி! ஆயினும் அந்தப் பெண் அழுதுகொண்டு கொடுக்கவில்லை என்கிறார் கன்ரிலன். அச்சிறு முதலைக் கொண்டு அவள் அன்றன்று வாங்கி விற்று வயிறு வளர்க்கிறாள்; கடன் கிடைக்காவிடில் அதுவும் இல்லை. வட்டியைப் பாவம் என்று மட்டும் பேசிய காலத்திலே, கடன் கொடுப்பவன் எவ்வளவு இழப்புக்கு அஞ்சுகிறான், வாங்குபவன் எவ்வளவு இலாபத்தை எதிர்நோக்குகிறான் என்று அளந்து பார்த்தவர் அவர். அவ்விளக்கம் சரியே. ஆனால் அதைக் கூறியவர் தாமே கடன் கொடுக்கும் தொழிலினர் என்பதையும் கேட்போர் மறத்தலாகாது.

நூலின் உயிர்நாடி பணத்தைப் பற்றிய பகுதியிலே இருக்கிறது. பணம் பெருகினால் விலைகள் ஏறும் என்பதை ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் முன்னரே கூறியிருந்தார். அது மெய், ஆனால் எவ்வழியாக, எந்த அளவில் ஏறும் என்பதை லொக் ஆராயவில்லை என்கிறார் கன்ரிலன். ஒரு நாட்டிலே வெள்ளிச் சுரங்கம் அகப்பட்டது என்று கொள்வோம். புதிய பணம் முதலிற் சேர்வது சுரங்க உடைமையாளர், வெட்டுவோர், உருக்குவோர் கையில். அவர்கள் முன்னிலும் அதிகமாக இறைச்சியும் மதுவும் நல்ல துணியும் வாங்குகிறார்கள். அவற்றை விற்பவர்கள் இலாபமடைந்து தாமும் அதிகம் வாங்குகிறார்கள். விலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. எல்லாம் ஒரே நாளில் ஏறுவதில்லை, ஒரே அளவிலும் ஏறுவதில்லை. இறுதியிலே புதுப்பணம் எட்டாத ஒரு கூட்டம் இருக்கிறது. நிச்சயமான கூலி பெறும் வேலையாட்கள், பழைய குத்தகைத் தொகைக்கு நிலத்தை விட்டுக் கொடுத்த நிலக்காரர்கள் ஆகியோரே அவர்கள். அவர்களுடைய வருவாய் பழையது. சந்தை விலையோ புதியது. அவர்களிற் பலர் வீட்டுச் செலவைக் குறைக்கிறார்கள். சிலர் நாட்டைவிட்டே பிழைப்புத் தேடிப் போகிறார்கள். பணப் பெருக்கத்தின் பயன் எவ்வளவு பணம் என்பதில் மட்டுமன்று, அது முதலில் எவர் கையிற் புகுந்தது என்பதிலும் தங்கியிருக்கிறது என்ற இக்கருத்தைப் பொருளியலார் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

இதைக் கொண்டுதான் அவர் வரலாற்றைப் படிக்கிறார். அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி ஸ்பெயினுக்குள் கொட்டியது. விலைகள் ஏறின. உள்ளூரிற் செய்த துணியைவிட அயல்நாட்டுத் துணி மலிவாயிற்று; வெள்ளி வெளியே போயிற்று; ஸ்பானிய நெசவாளன் வேலையிழந்தான். பெருஞ்செல்வமே வறுமைக்கு வாயிலாயிற்று. சுரங்கமில்லாது வணிகத்தாற் செல்வம் சேர்த்த நாடுகளுக்கும் இவ்வழியே என்கிறார். வெனிஸ் குடியரசையும் வடகடல் வணிக நகரங்களையும் சான்று காட்டுகிறார். நாடு செழிக்கப் பணம் வருகிறது. பணம் வர விலையும் கூலியும் ஏறுகின்றன. அவை ஏற அயலார் மலிவாக விற்கிறார்கள். இதற்கு அவர் கூறும் பரிகாரம் அரிதானது: செழிப்புக் காலத்திலே மன்னன் ஒரு பங்கு பணத்தைப் புழக்கத்திலிருந்து எடுத்துச் சேமித்து வைக்கவேண்டும். ஆனால் செழிப்பின் நடுவே செலவைக் குறைக்கும் மன்னர் எவர்?

கீழ்த்திசை வணிகத்தைப் பற்றிய அவருடைய குறிப்பு இலங்கை நேயர்களுக்குச் சிறப்பாகச் சுவை பயக்கும். ஐரோப்பிய வெள்ளி இந்தியாவுக்குச் செல்வதாற் பொதுவில் ஐரோப்பாவுக்கு நட்டமே என்று கருதிய அவர், ஒல்லாந்தரை மட்டும் அதற்கு விலக்காக வைக்கிறார். அவர்கள் கீழ்நாட்டு வாசனைத் திரவியங்களைப் பிற ஐரோப்பிய நாடுகளுக்கு விற்று, அனுப்பிய வெள்ளியிலும் அதிகமாக மீட்டுக்கொண்டார்கள். நட்டம் வாங்கியவர் தலையில் விழுந்தது. அவர் அதை எழுதிய காலத்திலே இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசமிருந்தது. 1658 தொடக்கம் 1796 வரை அவ்வாறிருந்தது. ஐரோப்பிய அடுக்களைகளிற் சேர்ந்த நல்ல கறுவா இத்தீவிலிருந்து போனதே. கறுவா உரித்தவருக்கு அந்த வெள்ளியில் என்ன கிடைத்தது என்ற கேள்வி அவர் நூலில் எழவில்லை. அது ஒரு குறையே.

நூலின் கடைசி அதிகாரம் வங்கிகளைப் பற்றியது. ஒரு வங்கி அமைச்சரோடு சேர்ந்து தாள்களைப் பெருக்கிப் பங்கு விலையை உயர்த்தவும் வட்டியைத் தாழ்த்தவும் முடியும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அந்தத் தாள்கள் பங்குச் சந்தைக்குள்ளே சுழலும்வரை அரிசி பருப்பின் விலையிலே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஏதேனுமொரு பீதியால் எல்லோரும் ஒரே வேளையில் வெள்ளியைக் கேட்டு வரும்போதுதான் வெடிகுண்டு வெடிக்கும். மேலும், இத்தகைய சூட்சுமங்கள் நாட்டின் நன்மைக்காக மட்டுமே கையாளப்படுவது அரிது; அவற்றை நடத்துபவர்கள் பெருஞ்செல்வம் சேர்க்க அவை இடமளிக்கின்றன என்கிறார். லோவின் வங்கியைக் கண்டவர்க்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் பெருஞ்செல்வம் சேர்த்தவருள் அவரும் ஒருவர். 1720இல் அவர் பங்கு வாங்க விரும்பிய வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்தார். அவர்கள் வாங்கிய பங்குகளையே ஈடாக வைத்துக்கொண்டார். விலை உச்சியில் நின்றபோது, ஈடாக வந்த பங்குகளைத் தாமே விற்றுப் பணமாக்கிவிட்டார் என்பது பின்னர் எழுந்த குற்றச்சாட்டு. சரிவின் பின்னர் கடனாளிகளின் கையில் ஒன்றுமில்லை. கன்ரிலனோ கடனையும் வட்டியையும் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். எங்கள் பங்குகளை விற்ற பணம் உங்களிடம் இருக்கும்போது எங்களிடம் கடன் ஏது என்றனர் அவர்கள். பங்குகள் இலக்கம் குறிக்கப்படாமல் ஒப்படைக்கப்பட்டவை. நாணயம் போல ஒன்றுக்கு ஒன்று ஈடானவை. இன்ன பங்கு இன்னாருடையது என்பதில்லை என்பது அவர் தரப்பு வாதம். சட்டத்திலே அதற்கு இடமிருந்திருக்கலாம். ஆனால் முயற்சியாளன் என்பவன் தெரியாத விலையின் ஆபத்தைத் தானே சுமப்பவன் என்று எழுதிய கை, தன் ஆபத்தை முழுவதும் பிறர் தோளில் ஏற்றிவிட்டுத் தெரிந்த விலையை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டதை எவரும் காணாதிருக்க முடியாது. வழக்குகள் பாரிசிலும் இலண்டனிலுமாக அவர் வாழ்நாள் முடியும்வரை ஓயவில்லை.

1734ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் அதிகாலையிலே, இலண்டன் அல்பெமார்ல் வீதியிலிருந்த அவருடைய வீடு தீப்பற்றி எரிந்தது. உள்ளே கிடைத்த கருகிய உடல் கன்ரிலனுடையது என்று முடிவு செய்யப்பட்டது. கொள்ளையிட்டுக் கொன்ற பின்னரே தீ வைக்கப்பட்டது என்ற ஐயம் எழுந்தது. பணியாளர் மூவர் விசாரிக்கப்பட்டு விடுதலையாயினர், சில வாரங்களுக்கு முன்னர் வேலையிலிருந்து நீக்கப்பட்ட சமையற்காரன்மீது சந்தேகம் விழுந்தது, அவன் அகப்படவில்லை. அவ்வாண்டின் இறுதியிலே தென்னமெரிக்காவில் ஒல்லாந்தர் ஆண்ட சூரினாம் நாட்டில், பிரபுப் பட்டம் சூடிய அறியாத மனிதன் ஒருவன் தோன்றினான். அவன் விட்டுச் சென்ற கடுதாசிகளுள் கன்ரிலனுக்குரிய பத்திரங்கள் காணப்பட்டன. அவன் கொலைகாரனா, அல்லது வழக்குகளிலிருந்து தப்பத் தம் மரணத்தைத் தாமே சோடித்த கன்ரிலனேதானா என்று இன்றுவரை எழுதுகிறார்கள்.

கைப்பிரதி பிழைத்தது. பிரான்சிலே மிராபோ பிரபு அதனைப் பல்லாண்டுகள் தம்மிடம் வைத்திருந்தார். அச்சான பின்னர் அடம் சிமித் 1776இல் தம் நூலிலே கூலியைப் பற்றிய அதிகாரத்திற் கன்ரிலனின் பெயரைக் குறிப்பிட்டார். அதன் பின்னர் உலகம் அவரை ஏறக்குறைய மறந்தது. 1881இல் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் அந்நூலைக் கண்டெடுத்து, பொருளியல் பற்றிய முதலாவது முறையான நூல் அதுவே என்று எழுதியபோது, ஆசிரியர் யார் என்பதையே பழைய கடுதாசிகளைத் தேடித் துருவி நிலைநாட்ட வேண்டியிருந்தது. நூலின் பல இடங்களில், இதற்குரிய கணக்கைப் பின்னிணைப்பிற் காண்க என்று கன்ரிலன் குறித்துச் செல்கிறார். ஒரு மனிதன் வாழ எவ்வளவு நிலம் வேண்டும் என்பது போன்ற கணக்குகள் அங்கே இருந்தன. அந்தப் பின்னிணைப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.